யந்திரத்தின் மூச்சு

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

 

சமயப் பெரியார்கள் பேசிய இம்மேடையில் எனக்கும் கால்மணி நேரம் தந்திருக்கிறார்கள். எப்பொருள் பற்றிப் பேசப் போகிறாய் என்று செயலாளர் கேட்டார். "காபுரேற்றர்" என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, "தம்பி, தேவாரம் திருவாசகம் பற்றி ஏதும் பேசலாமே" என்றார். அவர் சொன்னதில் குற்றமில்லை. ஆனால், சகோதரர்களே, இன்று மாலை இம்மண்டப வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பாருங்கள். நாம் வயலுக்குப் போவது அவற்றில். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வது அவற்றில். நள்ளிரவில் நோயாளியைக் கொண்டு ஓடுவதும் அவற்றிலேதான். நாள்தோறும் நம் உயிரை ஒப்புக்கொடுக்கும் ஒரு பொருளைப் பற்றி ஒரு நாள் பேசினால் தவறாகாது என்று விண்ணப்பித்தேன். செயலாளரும் இசைந்தார்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2022ஆம் ஆண்டை நாம் மறக்கமாட்டோம். பெற்றோல் நிலையங்களின் முன்னே இரவு பகலாக வரிசையில் கிடந்த காலம் அது. அவ்வாண்டு யூலை மாதம் தேசிய எரிபொருள் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று ஆரம்பத்தில் அளந்தார்கள். அந்த 4 லீற்றரில் வயலும் பார்க்க வேண்டும், கடைத்தெருவுக்கும் போக வேண்டும், வகுப்புக்கும் போய்வர வேண்டும். அப்பொழுது யாரோ ஒருவர், "காபுரேற்றரில் இருக்கும் சின்ன ஸ்குரூவை உள்ளே இறுக்கிவிடு, பெற்றோல் மிச்சப்படும்" என்று சொன்னார். நான் விஞ்ஞானப் பிரிவில் படித்தவன் என்ற செருக்கு வேறு. வீட்டு மோட்டார் சைக்கிளில் அந்தத் திருகாணியை முடிந்தமட்டும் இறுக்கினேன். யந்திரம் உடனே நின்றது. நிற்காதிருக்க மற்றத் திருகாணியை முடுக்கி வேகத்தைக் கூட்டினேன். இரைச்சலுடன் நின்று ஓடியது. பெரிய காரியம் சாதித்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

அவ்வாண்டு மாரியில், ஓர் இரவு, அம்மம்மாவுக்கு மூச்சிழுப்புக் கண்டது. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே நல்லது என்று முடிவாயிற்று. நான் ஓட்ட, மாமா பின்னால் இருந்து அவவைத் தாங்கிக்கொண்டார். நேர் வீதியில் வண்டி ஓடத்தான் செய்தது. பள்ளம் கண்டு வேகத்தைக் குறைத்து மறுபடி கைப்பிடியை முறுக்கும் ஒவ்வொரு முறையும் யந்திரம் 'கப்' என்று அடைத்து நின்றது. உதைத்துக் கிளப்புவேன், சற்றுத் தூரம் போகும், மறுபடி நிற்கும். பட்டிருப்புப் பாலத்தை அண்மித்தபோது முற்றாக நின்றுவிட்டது. மழையும் காற்றும் வாவிப் பக்கமிருந்து அடிக்க, நான் உதைத்துக்கொண்டே இருந்தேன். அப்பொழுது அம்மம்மா, திணறிய அந்த மூச்சுக்கிடையிலும், "என்ன மனே, மெசினுக்கும் மூச்சிழுப்போ?" என்றா.

நல்ல காலமாக எதிரே ஓர் ஓட்டோ வந்தது. அதில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவ சுகமாகி, இன்று தாய்மார் பக்கத்தில் அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறா. ஆனால் அந்த ஓட்டோ வராதிருந்தால்? இந்தக் கேள்விதான் என்னைக் காபுரேற்றர் படிக்க வைத்தது.

பெரியோர்களே! அம்மம்மா கேலியாகக் கேட்டது விஞ்ஞான முறைப்படி முழு உண்மை. பெற்றோல் யந்திரம் மூச்சு விடுகிறது. ஒரு பங்கு பெற்றோல் முழுதாக எரிய, நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். நிறையைக் கொள்ளளவாக்கிப் பார்த்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று! இந்த அளவு தவறினால் யந்திரம் திணறும். காற்று மிஞ்சினால் கலவை 'ஐது' ஆகிறது. பெற்றோல் மிஞ்சினால் 'செறிவு' ஆகிறது. இரண்டும் நோய்தான். இந்தக் கலவையை ஆக்கித் தருவதே காபுரேற்றரின் தொழில்.

எப்படி ஆக்குகிறது? மாரி வெள்ளத்தில் வாவி நிரம்பி முகத்துவாரத்தை வெட்டிவிடும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். அகன்ற வாவியில் அசையாதது போலக் கிடந்த நீர், ஒடுங்கிய வாய்க்கு வந்ததும் பாய்ந்தோடும். காற்றும் அப்படியே. காபுரேற்றரின் நடுவே குழாய் ஒடுங்கியிருக்கிறது. அவ்விடத்தில் காற்றின் வேகம் கூடும். வேகம் கூடிய இடத்தில் அமுக்கம் குறையும். 1738இல் பேர்ணூலி என்ற அறிஞர் தம் நூலில் வெளியிட்ட தத்துவம் இது. 1797இல் வெஞ்சூரி என்பவர் ஒடுங்கிய குழாய்களில் இதை ஆராய்ந்து எழுதினார். காபுரேற்றரின் ஒடுங்கிய பகுதிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அமுக்கம் குறைந்த அவ்விடத்துக்கு, கீழே மிதவைக் கிண்ணத்திலுள்ள பெற்றோல், குழல் வைத்து உறிஞ்சிய இளநீர் போல மேலேறித் தூவலாய்க் காற்றோடு கலக்கிறது. பெற்றோலை இவ்வாறு தூவிக் கலக்கும் காபுரேற்றரை 1893இல் ஜேர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் அமைத்தார்.

இனித்தான் நமது விஷயம் வருகிறது. கைப்பிடியை விட்டுவிட்டு, வண்டியை நிறுத்தி வைத்து யந்திரத்தை மட்டும் ஓட விடுகிறோம். கராஜில் இதை 'ஸ்லோ' என்பார்கள். நான் 'மெதுவோட்டம்' என்று சொல்கிறேன். இந்நிலையில் குழாயை அடைக்கும் உருளை கீழிறங்கி, ஒரு சிறு நீக்கல் மாத்திரமே விட்டிருக்கும். காற்று அரிதாகத்தான் போகும். பெரிய வழியில் பெற்றோலை உறிஞ்சி மேலேற்ற அந்தக் காற்றுக்கு வலுவில்லை. அப்படியானால் யந்திரம் எதைக் குடித்து ஓடுகிறது?

அதற்கென்றே ஒரு சின்ன வழி உண்டு. உருளைக்கு அப்பால், யந்திரப் பக்கத்தில், உறிஞ்சும் வலு மிக அதிகம். வாசலைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து இழுப்பது போன்றது அது. அவ்விடத்தில் ஊசித் துளை ஒன்றைத் திறந்து வைத்தார்கள். மிதவைக் கிண்ணத்திலிருந்து ஒரு சிறு ஜெற் மூலமாகப் பெற்றோலும், வேறொரு வழியால் சிறிது காற்றும் வந்து கலந்து, அத்துளையால் உள்ளே போகும். அந்தச் சிறு ஜெற்றின் துவாரம் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரில் பாதிக்கும் குறைவு. நிமிடத்துக்கு 1,400 முறை சுழலும் நான்கடிப்பு யந்திரம், இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சாக, 700 மூச்சு இழுக்கிறது. அத்தனை மூச்சுக்கும் உணவு அந்தத் துவாரத்தினூடேதான்.

சகோதரர்களே, முக்கியமான செய்தி இனிமேல்தான். இந்தச் சின்ன வழி மெதுவோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. முதல் துளைக்கு அருகே இன்னுமொரு துளை இருக்கிறது. கைப்பிடியை முறுக்கத் தொடங்கியதும் உருளை சற்று எழும்பி, அந்த இரண்டாவது துளையையும் உறிஞ்சலுக்கு உட்படுத்தும். பெரிய வழி பொறுப்பேற்கும் வரை, ஏறத்தாழக் கால் பங்கு திறக்கும் வரை, யந்திரத்தைத் தாங்கி நடத்துவது இந்தச் சின்ன வழியே. சின்ன வழியில் குறையிருந்தால், கைப்பிடியை முறுக்கும் அந்தக் கணத்தில் யந்திரத்துக்கு உணவில்லை. அது அடைத்து நிற்கும். பட்டிருப்புப் பாலத்தடியில் எனக்கு நேர்ந்தது இதுவே.

நான் செய்த தவறு இரண்டு. கலவைத் திருகாணியை இறுக்கிச் சின்ன வழியைப் பட்டினி போட்டேன், அது முதலாவது. உருளை முழுதாக இறங்காமல் தாங்கி நிற்கும் வேகத் திருகாணியை முடுக்கி, அந்தப் பட்டினி வெளியே தெரியாமல் மறைத்தேன்; அது இரண்டாவது. காய்ச்சல்காரனுக்கு முகத்தில் பவுடர் பூசி வெளியே அனுப்புவது போன்ற வேலை. பெற்றோலாவது மிச்சப்பட்டதா என்றால், அதுவுமில்லை. காலையில் கிளப்புவதற்குச் சோக்கை நெடுநேரம் இழுத்து வைத்தேன். நிற்கும் இடங்களில் நின்றுவிடாதிருக்க முறுக்கிக்கொண்டே இருந்தேன். மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போயிற்று.

மறுநாள் எங்கள் ஊர்க் கராஜ் அண்ணரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பல்கலைக்கழகம் கண்டவரல்லர். திருகாணியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நான் இறுக்கிய இறுக்கில் அதன் கூர்நுனியில் வளையம் பதிந்திருந்தது. "ஸ்லோவில மூச்சு விடத் தெரியாத மெசின், முறுக்கினா மட்டும் எப்படித் தம்பி விடும்?" என்றார். அவரிடமே நின்று கற்றுக்கொண்ட முறையை இப்பொழுது சொல்கிறேன். இளைஞர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில், காபுரேற்றரைத் தொடுமுன் மற்றவற்றைப் பாருங்கள். காற்றுவடி தூசியால் அடைத்திருக்கிறதா? பிளக் நல்லதா? வால்வு இடைவெளி சரியா? காபுரேற்றருக்கும் யந்திரத்துக்கும் நடுவேயுள்ள இறப்பர் வெடித்துக் கள்ளக்காற்று இழுக்கிறதா? இவற்றில் குறை இருக்கக் காபுரேற்றரைத் திருகுவது, வயிற்று வலிக்குத் தலையில் மருந்து பூசுவதாகும்.

இரண்டாவது, யந்திரத்தைச் சூடாக்குங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். குளிர்ந்த யந்திரத்தில் வைத்த அளவு சூட்டில் பொய்யாகிவிடும்.

மூன்றாவது, கலவைத் திருகாணி எப்பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். காற்றுவடிப் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. உள்ளே இறுக்கினால் கலவை செறிவாகும். யந்திரப் பக்கம் இருந்தால் அது பெற்றோல் கலவையைக் கட்டுப்படுத்துவது. உள்ளே இறுக்கினால் ஐதாகும். இந்த வேறுபாடு தெரியாமல், "எல்லா வண்டிக்கும் உள்ளே இறுக்கு" என்று உபதேசம் செய்பவர் சொல் கேளாதீர்கள்.

நான்காவது, யந்திரத்தை நிறுத்திவிட்டு, அத்திருகாணியை இரண்டு விரலால் மெதுவாக உள்ளே திருகுங்கள். தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். அதற்குமேல் ஓர் இழையும் இறுக்கக் கூடாது. அங்கிருந்து எண்ணிக்கொண்டே ஒன்றரைச் சுற்று முதல் இரண்டு சுற்று வரை வெளியே எடுங்கள். பல வண்டிகளுக்குத் தொடங்கும் இடம் இதுவே. வண்டிக்குரிய கைந்நூல் வேறு அளவு சொன்னால் அதையே கொள்ளுங்கள்.

ஐந்தாவது, யந்திரத்தைக் கிளப்பி, வேகத் திருகாணியால் அமைதியான ஓட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்பொழுது கலவைத் திருகாணியைக் கால் சுற்று திருகிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். யந்திரம் பதில் சொல்லச் சில விநாடிகள் எடுக்கும். வேகம் தானே கூடினால் அதே திசையில் இன்னும் கால் சுற்று, குறைந்தால் மறுதிசை. ஓட்டம் மிகக் கூடியதாகவும் ஒரே சீராகவும் ஒலிக்கும் இடமே சரியான இடம். அதன்பின் வேகத் திருகாணியால் வேகத்தை இறக்குங்கள். இறக்கியதும் இன்னொரு முறை கலவையைச் சோதியுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தழுவியவை. ஒரே முறையில் அமையாது.

கடைசியாகப் பரீட்சை. கைப்பிடியைச் சட்டென்று முறுக்கி விடுங்கள். தயங்காமல் எழும்பி, உடனே இறங்கி, பழைய ஓட்டத்தில் நின்றால் நீங்கள் தேறினீர்கள். முறுக்கும்போது தயங்கினால், அல்லது விட்ட பிறகும் வேகம் இறங்காமல் தொங்கி நின்றால், கலவை ஐது. கனத்த ஒலியோடு கரும்புகை விட்டு, வேகம் அளவுக்குக் கீழே விழுந்து பின் எழுந்தால், கலவை செறிவு. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதுவும் சாட்சி சொல்லும்: கரி பூசியிருந்தால் செறிவு, வெளுத்திருந்தால் ஐது, மண்ணிறமாக இருந்தால் நலம்.

இவற்றைத் திறந்த வெளியிலேயே செய்யுங்கள். புகையில் காபன் மோனொட்சைட் என்ற நச்சு வாயு உண்டு. நிறமில்லை, மணமில்லை, மூடிய அறைக்குள் ஆளைக் கொல்லும்.

எவ்வளவு திருகியும் மெதுவோட்டம் அமையாவிட்டால், அந்தச் சின்ன ஜெற் அடைத்திருக்கிறது என்று கொள்ளுங்கள். பெற்றோல் நாட்பட நின்றால் பிசினாகி அத்துவாரத்தில் படியும். போத்தலில் வாங்கிய பெற்றோலில் நீரும் தூசியும் இருக்கலாம். அதைக் கம்பியால் குத்தாதீர்கள்! பித்தளைத் துவாரம் பெருத்துவிட்டால் பிறகு எந்தத் திருகாணியாலும் சரிக்கட்ட முடியாது. பெற்றோலில் ஊறவைத்துக் காற்றால் ஊதுங்கள். வேண்டுமானால் வலை பின்னும் மெல்லிய தங்கூசி இழையை விட்டு எடுங்கள்.

கமக்காரப் பெரியோர்களே, உங்கள் நீரிறைக்கும் யந்திரத்துக்கும் ஒரு வார்த்தை. போகம் முடிந்து அதை மூலையில் வைக்குமுன் மிதவைக் கிண்ணத்தின் அடித் திருகாணியைத் திறந்து எண்ணெயை வடித்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஓடுவதாயின், நிறுத்துவதற்குச் சற்று முன் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்துங்கள். அடுத்த முறை கயிறு இழுக்கும் கைக்கு அது பெரிய உபகாரம்.

"இதெல்லாம் பழங்கதை, புதிய வண்டிகளில் காபுரேற்றரே இல்லையே" என்று சில இளைஞர் கேட்பார்கள். உண்மை. இந்தியாவில் 2020 ஏப்பிரலில் புதிய புகைக் கட்டுப்பாடு வந்ததோடு அங்குள்ள கம்பனிகளின் புதிய வண்டிகள் பெரும்பாலும் பெற்றோலை மின்னணு முறையில் பீச்சும் அமைப்புக்கு மாறிவிட்டன. அவ்வண்டிகளில் கலவையைக் கணினியே அளக்கும். நாம் திருகத் தேவையில்லை. ஆனால் நம் நாட்டில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே படுவான்கரையில் நம் குடும்பங்களைச் சுமப்பவை இன்னும் பெரும்பாலும் பழைய வண்டிகளே. அவற்றின் மூச்சு நம் கையில் இருக்கிறது.

பெரியோர்களே! நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். அங்கே காலையில் பிரார்த்தனை, பிற்பகலில் விஞ்ஞானகூடம். ஒன்றுக்கொன்று பகை என்று யாரும் எமக்குச் சொல்லித் தந்ததில்லை. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரை நினையுங்கள். துறவு பூணுமுன் அவர் இரசாயனம் கற்பித்த ஆசிரியர். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானம் தமிழில் பேச வழி தேடியவர். மறைந்துபோன யாழை ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை அரங்கேற்றியவரும் அவரே. நரம்பை முறுக்கிச் சுருதி கூட்டும் செவியும், இரசாயன நிறுவையும் ஒருவரிடமே இருந்தன. அவர் பிறந்த மண்ணில், விஞ்ஞானம் படித்த பிள்ளை கையில் எண்ணெய் படுவதை இழிவாக நினைப்பது தகுமா? எனக்கு அந்த நினைப்பு இருந்தது. மறுநாள் கராஜ் வாசலில் அது போயிற்று.

ஆகவே மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் நவராத்திரியில் வாணி விழா எடுக்கிறோம். ஆயுத பூசையன்று மோட்டார் சைக்கிளுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சில்லின் கீழே தேசிக்காயும் வைக்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் அதே வண்டியின் காற்றுவடியை ஆண்டு முழுவதும் திறந்து பார்ப்பதில்லை! இவ்வாண்டு வாணி விழாவுக்கு முதல் நாள், மண்டப முற்றத்தில் ஊர் வண்டிகளை வரவழைப்போம். கராஜ் அண்ணரை ஆசிரியராக அமர்த்துவோம். காற்றுவடி துடைத்து, பிளக் பார்த்து, மெதுவோட்டம் சரி செய்து கொடுப்போம். பத்து இளைஞர் கற்றுக்கொண்டாலும் போதும். மாரி தொடங்குமுன் ஊர் வண்டிகள் திருந்திவிடும். கற்க விரும்பும் தங்கைமாரும் வரலாம். அதன்பின் சந்தனம் பூசுவோம். அம்பாள் இன்னும் மகிழ்வாள்.

ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். இன்று வீட்டுக்குப் போகும்போது, வண்டியைக் கிளப்பியதும் உடனே முறுக்காதீர்கள். ஒரு நிமிடம் நின்று அதன் ஓட்டத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். அது திணறினால் நாளையே பாருங்கள். மழையிரவு வரும்வரை வைக்காதீர்கள்.